கேமராவுக்கும் தொலைநோக்கிக்கும் பொருத்தம் பார்த்த கதை

ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை முதன்முதலாகப் படம் எடுக்க முயன்ற இரவில், கேமராவைவிட ஹேர் டிரையரைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். கணினித் திரையில் வந்த படம் முழுக்க ஒரே சாம்பல். நடுவில் கொஞ்சம் வெளிச்சம், அதைச் சுற்றி மங்கலான வட்டம், ஓரத்துக்குப் போகப் போக இருட்டு. அங்கங்கே சில நட்சத்திரங்கள். ஒரு மூலையில் துணியால் இழுத்துத் துடைத்த தடம் போல ஒரு கரிய கோடு. தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் பனி படிந்தால் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி இப்படித்தான் வட்டம் கட்டும். ஆகவே கண்ணாடியைச் சூடான காற்றில் காய வைத்தேன். மறுபடி எடுத்தேன். அதே சாம்பல். திரும்பவும் காய வைத்து, அந்தக் கரிய தடம் இருக்கும் என்று நினைத்த இடத்தை மென்துணியால் ஒற்றியும் பார்த்தேன் (செய்யக் கூடாத காரியம், தெரியும்). மூன்றாவது முறையும் அதேதான். வெறுத்துப்போய் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன்.

கண்ணாடியில் பனி எதுவும் இல்லை. ஆண்ட்ரோமெடா வானத்தில் சுமார் 3 டிகிரி நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. முழு நிலவு அரை டிகிரிதான். ஆறு நிலவுகளை வரிசையாக வைத்த நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சென்சாருக்குள் விழுந்ததோ 22 ஆர்க்மினிட்டுக்கு 15 ஆர்க்மினிட் துண்டு (60 ஆர்க்மினிட் சேர்ந்தால் ஒரு டிகிரி). முழு நிலவே அடங்காத சன்னல் அது. கேலக்ஸியின் நடு வயிற்றை மட்டும் படம் எடுத்துவிட்டு, கேலக்ஸி எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். துணைக் கேலக்ஸிகளான எம்32, எம்110 இரண்டும் படச் சட்டத்துக்கு வெளியே. அடையாளம் காண உள்ளே ஒன்றுமே இல்லை.

தொலைநோக்கியிலும் குறை இல்லை, கேமராவிலும் குறை இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல சரக்கு. தொலைநோக்கி 203 மிமீ விட்டமுள்ள ஷ்மிட்-காஸ்கிரெய்ன் (கண்ணாடிகளோடு முன்னால் ஒரு லென்ஸ் தகடும் உள்ள வகை), குவியத் தொலைவு, அதாவது ஒளி குவியும் இடம் வரையிலான தூரம், 2032 மிமீ; விட்டத்தைப் போல் 10 மடங்கு என்பதால் எஃப்/10. சனியையும் வியாழனையும் கண்ணால் பார்க்க வாங்கியது. அந்த வேலையை இன்றும் அருமையாகச் செய்கிறது. கேமராவில் சோனியின் ஐஎம்எக்ஸ்183 சென்சார்: 13.2 மிமீக்கு 8.8 மிமீ, 2.4 மைக்ரான் பிக்சல், மொத்தம் 2 கோடி பிக்சல். எனக்கு இருந்த ஒரே அளவுகோல் பிக்சல் எண்ணிக்கைதான். இரண்டு கோடி என்றதும் வேறு எதையும் பார்க்கவில்லை.

சரி, பொருத்தம் பார்ப்பது எப்படி? கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். சென்சார் முழுவதும் சேர்ந்து எவ்வளவு வானத்தைப் பார்க்கிறது? ஒரு பிக்சல் எவ்வளவு வானத்தைப் பார்க்கிறது?

முதல் கேள்விக்கு, சென்சாரின் அகலத்தை 57.3-ஆல் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுத்தால் விடை டிகிரியில் வந்துவிடும். இரண்டும் மிமீயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு, பிக்சலின் மைக்ரான் அளவை 206-ஆல் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். விடை ஆர்க்செகண்டில் வரும். ஒரு ஆர்க்மினிட்டில் 60 ஆர்க்செகண்ட். அந்த 206 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு ரேடியனுக்கு 206265 ஆர்க்செகண்ட். மைக்ரானை மிமீயாக்க ஆயிரத்தால் வகுத்தபின் மிஞ்சுவது அது. தொலைநோக்கியின் விட்டம் இந்த இரண்டு கணக்கிலும் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கு அதை ஏற்றுக்கொள்ளவே நாளானது.

என் ஜோடிக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பிக்சலுக்கு 0.24 ஆர்க்செகண்ட். கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. காற்று மட்டும் இல்லாமல் இருந்தால்.

நட்சத்திரங்கள் மினுங்குவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்: வளிமண்டலத்தில் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும் காற்று கலங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு அது மினுக்கம். நிமிடக்கணக்கில் திறந்திருக்கும் கேமராவுக்கு அந்தக் கலக்கமெல்லாம் சேர்ந்து ஒரு மங்கல். புள்ளியாக வர வேண்டிய நட்சத்திரம் ஒரு சிறு வட்டமாகப் பரவிவிடும். பெரும்பாலான இடங்களில் அந்த வட்டத்தின் அகலம் 2 முதல் 4 ஆர்க்செகண்ட். இதைத்தான் சீயிங் என்கிறோம். என் வானம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, பல இரவுகளில் எடுத்த இரண்டு நிமிடப் படங்களை ஸ்டாக்கிங் மென்பொருளில் (பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது) போட்டு நட்சத்திரங்களின் அகலத்தைக் குறித்து வைத்தேன். நல்ல இரவில் இரண்டரை, சாதாரண இரவில் மூன்று, மூன்றரை.

19ஆம் நூற்றாண்டில் வில்லியம் டாஸ் என்பவர் இரட்டை நட்சத்திரங்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஒரு விதி சொன்னார்: 116-ஐ விட்டத்தின் மிமீயால் வகுத்தால், தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஆர்க்செகண்டில் கிடைக்கும். என் 203 மிமீக்கு அது 0.57. ஆனால் நீண்ட எக்ஸ்போஷரில் அந்தக் கூர்மை கைக்கு வருவதே இல்லை. மூன்று ஆர்க்செகண்ட் காற்று எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ஹபிள் தொலைநோக்கியின் டபிள்யூஎஃப்சி3 கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 0.04 ஆர்க்செகண்ட், அதற்குக் கட்டுப்படியாகும், காற்றுக்கு மேலே இருக்கிறது.

மூன்று ஆர்க்செகண்ட் நட்சத்திரத்தை 0.24 ஆர்க்செகண்ட் பிக்சலால் அளந்தால் அது 12 பிக்சல் அகலத்துக்குப் பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். நைக்விஸ்ட் என்ற பொறியாளரின் விதிப்படி, ஒரு விவரத்தைத் தவறவிடாமல் பதிய அதன் அகலத்தில் குறைந்தது இரண்டு மாதிரிகள், இங்கே இரண்டு பிக்சல்கள், வேண்டும். நடைமுறையில் இரண்டிலிருந்து மூன்று, மூன்றரை வரை போதும். அப்படிப் பார்த்தால் என் வானத்துக்கு ஒரு பிக்சலுக்கு 1 முதல் 1.5 ஆர்க்செகண்ட் சரியாக இருந்திருக்கும். நான் வைத்திருந்தது அதற்கு நாலு முதல் ஆறு மடங்கு நுணுக்கம். நுணுக்கம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் நான் அடுத்த பல மாதங்களில் கண்டுபிடித்தேன்.

அந்த நாட்களில் இதில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு மூத்த நண்பர் என் படங்களைப் பார்த்துவிட்டு நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தம்பி, இந்தக் கேமராவை நீ எதை எடுக்கன்னு வாங்கினே?” என்று கேட்டார்.

“எல்லாத்தையும்தான் அண்ணே.”

“அதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு சின்னத் தொலைநோக்கிக் குழாயோடு வந்தார். 80 மிமீ விட்டம், 480 மிமீ குவியத் தொலைவு, எஃப்/6 ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கி. என் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும். “ஒரு வாரம் வெச்சுக்கோ. கேமராவை மாத்தாதே, மவுண்டையும் மாத்தாதே. இதை மட்டும் மாத்து.”

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றது அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் கற்றதைவிட அதிகம். முதல் இரவே ஓரியன் நெபுலா. வானத்தில் ஒரு டிகிரி அகலம் அதற்கு. அதே கேமரா இப்போது 1.58 டிகிரிக்கு 1.05 டிகிரி பார்க்கிறது. நெபுலா முழுசாக, இறக்கைகளோடு சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பிக்சலுக்கு 1.03 ஆர்க்செகண்ட். நட்சத்திரங்கள் மூன்று பிக்சல் அகலத்தில் ஊசி குத்தின மாதிரி.

இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே நேர எக்ஸ்போஷரில் இந்தப் பொம்மைக் குழாய் என் பெரிய குழாயைவிடப் பிரகாசமான படம் தந்தது. 203 மிமீ எங்கே, 80 மிமீ எங்கே! மென்பொருளில் ஏதோ தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். தவறு இல்லை. பெரிய குழாயின் வாய் சின்னதைவிட ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேல் ஒளியை வாங்குகிறது, உண்மை. ஆனால் குவியத் தொலைவு நாலேகால் மடங்கு என்பதால் அந்த ஒளியைக் கிட்டத்தட்ட 18 மடங்கு பரப்பில் விரிக்கிறது. ஆறு குடம் தண்ணீரைப் பதினெட்டுத் தொட்டியில் ஊற்றினால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிற்கும்? நெபுலா மாதிரிப் பரந்த பொருளுக்கு ஒரு பிக்சலில் விழும் ஒளி சின்னக் குழாயில் 2.8 மடங்கு அதிகம். பெரிய குழாயில் பிக்சலுக்கு வரும் கொஞ்ச ஒளி, பிக்சல்களை வாசிக்கும்போது கேமராவே சேர்க்கும் வாசிப்பு இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மீள ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் நீட்ட வேண்டும். நீட்டினால், தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்ட் தாங்கவில்லை. ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டின் ஓட்டத்தைத் திருத்திக்கொண்டே போவதுதான் கைடிங்; அதில் என் மவுண்ட் சராசரியாக ஒரு ஆர்க்செகண்ட் தடுமாறும். 1.03 ஆர்க்செகண்ட் பிக்சலில் அது ஒரே ஒரு பிக்சல், கண்ணுக்கே தெரியாது. 0.24-ல் நாலு பிக்சல். நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி நீண்டுவிடும். மவுண்டைத்தான் அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன். அது பாவம், தன் சக்திக்கு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு விட்டமே முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் அரைகுறை. ஒரு கேலக்ஸியிலிருந்து வரும் மொத்த ஒளியைப் பெரிய வாய்தான் அதிகம் வாங்குகிறது. அதைச் சிதறவிடாமல் சரியான அளவுப் பிக்சலில் சேர்த்துப் பிடித்தால் பெரிய குழாய்தான் ஜெயிக்கும். சின்னக் குழாயில் லைரா விண்மீன் குழுவிலுள்ள வளைய நெபுலாவை, அதாவது எம்57-ஐ எடுத்தேன். அதன் நீளம் ஒன்றரை ஆர்க்மினிட்கூட இல்லை. ஒன்றரை டிகிரி படத்தின் நடுவில் சட்டைப் பொத்தான் மாதிரி, 80 பிக்சல் அகலத்தில் கிடந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதற்குப் பெரிய குழாய்தான் வேண்டும்.

குழாயைத் திருப்பிக் கொடுத்தபின் நானும் அதே அளவில் ஒரு ரிஃப்ராக்டர் வாங்கினேன். அதற்கு முன், நடுவில் ஒரு அசட்டுத்தனமும் உண்டு. யாரோ பயன்படுத்திய 150 மிமீ விட்டம், 750 மிமீ குவியத் தொலைவு நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை) ஒன்று கிடைத்தது. கணக்கெல்லாம் போட்டாயிற்று, பொருத்தம் பிரமாதம், என் டிஎஸ்எல்ஆர் கேமராவை மாட்டினேன். ஃபோகஸ் ஆகவில்லை. கேமராவை முன்பின் நகர்த்தும் ஃபோகஸரை உள்ளே முழுக்கத் தள்ளியும் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டியிருந்தது. கண்ணால் பார்க்கச் செய்த நியூட்டோனியன்களில் இது சகஜம். கேனான் இஎஃப் டிஎஸ்எல்ஆரில் சென்சார், லென்ஸ் மாட்டும் விளிம்பிலிருந்து 44 மிமீ உள்ளே இருக்கிறது. அதோடு கேமராவைக் குழாயோடு இணைக்கும் 11 மிமீ டி-ரிங் சேர்ந்தால் 55 மிமீ. குவியம் விழும் இடம் ஃபோகஸருக்கு அவ்வளவு வெளியே வரவில்லை. முதன்மைக் கண்ணாடியை நீளமான போல்ட் போட்டு மேலே நகர்த்தித்தான் சமாளித்தேன். ரிஃப்ராக்டரில் பெரும்பாலும் தலைகீழ்: வெளியே இழுத்தும் போதாமல் நீட்டிப்புக் குழாய் போட வேண்டி வரும், அது சுலபம். காகிதத்தில் பொருந்துவது எல்லாம் திருகாணியில் பொருந்தாது. வாங்குமுன் உங்கள் கேமரா அந்தக் குழாயில் ஃபோகஸுக்கு வருமா என்று, அதே ஜோடியை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேமராவையும் பிறகு மாற்றினேன். இம்முறை பொருத்தம் பார்த்துத்தான். ஐஎம்எக்ஸ்571 சென்சார்: 23.5 மிமீக்கு 15.7 மிமீ, 3.76 மைக்ரான் பிக்சல், 6248-க்கு 4176. ரிஃப்ராக்டரில் அது 2.8 டிகிரிக்கு 1.87 டிகிரி பார்க்கும், பிக்சலுக்கு 1.6 ஆர்க்செகண்ட். என் வானத்துக்குக் கொஞ்சம் கரடு, ஆனால் பரந்த நெபுலாக்களுக்கு அது போதும்.

பெரிய சென்சார் வந்ததும் அதுவரை தலைகாட்டாத தொல்லைகள் எல்லாம் வரிசையில் வந்தன. இதன் மூலைவிட்டம் 28 மிமீ. பழைய ஒன்றேகால் அங்குல ஃபில்டரை மாட்டினேன், நாலு மூலையும் இருண்டுவிட்டது. ஃபில்டரின் வளையமே ஒளியை மறைக்கிறது. இரண்டு அங்குல ஃபில்டருக்கு மாற வேண்டியதாயிற்று. அதைவிட மோசம் மூலை நட்சத்திரங்கள். லென்ஸ் குவிக்கும் பரப்பு தட்டையாக இருப்பதில்லை, கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். சின்ன சென்சார் கிண்ணத்தின் அடியில் மட்டும் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. பெரியது விளிம்பு வரை போகிறது. அதற்குத்தான் ஃப்ளாட்னர், அந்த வளைவைத் தட்டையாக்கும் லென்ஸ். அந்த ஃப்ளாட்னருக்கும் சென்சாருக்கும் நடுவில் 55 மிமீ இருக்க வேண்டும் என்று அதன் குறிப்பில் இருந்தது.

இந்த 55 மிமீயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். கேமராவின் முன்விளிம்பிலிருந்து சென்சார் வரை 17.5 மிமீ, அதோடு 16.5 மிமீ, 21 மிமீ என்று இரண்டு வளையங்கள், கூட்டினால் 55. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் மூலைகளில் நட்சத்திரங்கள் படத்தின் நடுவை நோக்கி நீண்டன, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி. விஷயம் ஃபில்டர். ஒளி ஒரு கண்ணாடித் தகடு வழியாகப் போனால் குவியம் அந்தத் தகட்டின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளிப்போகும். என் ஃபில்டர் 2 மிமீ. ஆகவே உண்மையில் 55.7 மிமீ வேண்டும். கால்மில்லி, அரைமில்லி வளையங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்து, பத்து நொடிப் படம் எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 0.5 சேர்த்ததும் கம்பிகள் சுருங்கின. 0.75-ல் புள்ளிகள் உருண்டையாயின. ஆசை விடவில்லை, 1.25 வரை போனேன். இப்போது நட்சத்திரங்கள் நடுவைச் சுற்றி வட்டமாகச் சுழல்வது போல் நீண்டன. என் ஃப்ளாட்னரில் நடுவை நோக்கி நீண்டால் தூரம் போதாது, சுற்றி வளைத்து நீண்டால் தூரம் அதிகம். பொதுவாகவும் இப்படித்தான், ஆனால் வடிவமைப்பைப் பொறுத்து மாறலாம். ஒருமுறை கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டு மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் வளையத்தைத் தொடாதீர்கள். அது சென்சார் சாய்ந்திருக்கிறது, அல்லது கேமராவின் எடையில் ஃபோகஸர் தொங்குகிறது. எனக்கு ஒரு மாதம் ஃபோகஸரின் திருகாணியை இறுக்காததால் போனது.

பெரிய ஷ்மிட்-காஸ்கிரெய்னை என்ன செய்தேன்? அதற்கும் இதே கேமராதான். 0.63 ரெடியூசர் என்ற சுருக்கும் லென்ஸைப் போட்டால் குவியத் தொலைவு 1280 மிமீயாகக் குறைகிறது, பிக்சலுக்கு 0.6 ஆர்க்செகண்ட். இன்னும் நுணுக்கம் அதிகம்தான். ஆனால் 2×2 பின்னிங் செய்தால், அதாவது நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்த்தால், 1.2. என் வானத்துக்குக் கச்சிதம். சட்டம் 63 ஆர்க்மினிட்டுக்கு 42 ஆர்க்மினிட். எம்51, எம்101 கேலக்ஸிகள் எல்லாம் தாராளமாக அடங்கும். எம்81-ம் எம்82-வும் சுமார் 37 ஆர்க்மினிட் இடைவெளியில் இருப்பதால் இரண்டும் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. பழைய சிசிடி வகைச் சென்சார் கேமராக்களில் பின்னிங் சென்சாருக்குள்ளேயே நடந்து வாசிப்பு இரைச்சல் ஒரே ஒரு முறைதான் சேரும். இன்றைய சிமாஸ் வகைச் சென்சார் கேமராக்களில் பொதுவாக அப்படி இல்லை, நாலு பிக்சலையும் வாசித்துவிட்டுத்தான் கூட்டுகின்றன. ஆகவே எடுக்கும்போதே பின்னிங் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. முழு அளவில் எடுத்து, ஸ்டாக் செய்தபின் சுருக்கிக்கொள்ளலாம். கணினி வட்டில் இடம் மட்டும் போகும்: ஒரு படம் 52 எம்பி, ஒரு இரவில் 200 படம் எடுத்தால் 10 ஜிபி தாண்டும்.

ரெடியூசரின் பெட்டியில் 0.63 என்று போட்டிருந்தால் அது 0.63 ஆகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். சென்சார் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஏதாவது ஒரு படத்தை பிளேட் சால்விங் செய்தால், நட்சத்திரங்களின் இடைவெளியை வைத்து உண்மையான குவியத் தொலைவை மென்பொருளே சொல்லிவிடும். என்னுடையது முதலில் 1340 என்று வந்தது. அதை வைத்தே இடைவெளி சரியில்லை என்று கண்டுபிடித்தேன். அந்தக் குழாயில் கைடிங்குக்குத் தனித் தொலைநோக்கி வைக்காதீர்கள். முதன்மைக் கண்ணாடி மெல்ல நகரும், கைடருக்கு அது தெரியாது, கைடிங் வரைபடம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரம் நீளும். அதே ஒளிப்பாதையிலிருந்து ஒரு துளியை எடுக்கும் ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர்தான் அதற்கு மருந்து.

பிக்சல் பெரிதாகிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நான் அதற்கு அவ்வளவு பயப்படுவதில்லை. இதே கேமராவில் 135 மிமீ கேமரா லென்ஸ் மாட்டினால் பிக்சலுக்கு 5.7 ஆர்க்செகண்ட். பெரிதாக்கிப் பார்த்தால் சின்ன நட்சத்திரங்கள் சதுரமாகத் தெரியும். யார் அவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கப் போகிறார்கள்? பத்து டிகிரி அகலத்துக்குத் தூசி மேகங்களும் செந்நிற நெபுலாக்களும் விரிந்து கிடக்கும் படத்தில் கண் அங்கே போவதில்லை. எடுக்கும்போது படத்துக்குப் படம் சில பிக்சல் நகர்த்தி டிதரிங் செய்து, பிறகு டிரிஸ்ஸில் முறையில் (படங்களை இன்னும் நுண்ணிய கட்டத்தில் சேர்ப்பது) ஸ்டாக் செய்தால் அந்தச் சதுரமும் ஓரளவு மறையும். நுணுக்கம் குறைந்த ஜோடி மன்னிக்கும். நுணுக்கம் அதிகமான ஜோடி காற்று, மவுண்ட், ஃபோகஸ், பொறுமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கும். புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால் 400 முதல் 500 மிமீ குவியத் தொலைவைத்தான் சொல்வேன், அவர் கையில் எந்த விட்டத்தில் என்ன இருந்தாலும்.

இப்போது எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் வான வரைபட மென்பொருளான ஸ்டெல்லேரியத்தைத் திறக்கிறேன். அதில் குவியத் தொலைவையும் சென்சார் அளவையும் கொடுத்தால் வானத்தின் மேல் ஒரு சிவப்புச் சட்டம் வரும். அதை எடுத்துக்கொண்டுபோய் எனக்குப் பிடித்த பத்துப் பதினைந்து பொருட்களின் மேல் வைத்துப் பார்ப்பேன். ரோசெட் நெபுலா ஒன்றேகால் டிகிரி, கார்த்திகைக் கூட்டம் இரண்டு டிகிரி, எம்13 நட்சத்திரக் கொத்து இருபது ஆர்க்மினிட். எது அடங்குகிறது, எது தொலைந்துபோகிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த அரைமணி நேரத்தை அன்று செலவழித்திருந்தால் ஹேர் டிரையருக்கு வேலை இருந்திருக்காது.

போன பருவத்தில் ஆண்ட்ரோமெடாவுக்கு மறுபடி போனேன். ரிஃப்ராக்டரும் புதுக் கேமராவும். சட்டத்தின் நீளம் 2.8 டிகிரி, கேலக்ஸி 3 டிகிரி; நேராகப் படுக்க வைத்தால் இரண்டு நுனியும் வெட்டுப்படும். ஆனால் மூலைவிட்டத்தில் 3.4 டிகிரி இருக்கிறதே. ஃபோகஸரின் வளையத்தைத் தளர்த்தி, கேமராவைச் சுழற்றி, சோதனைப் படம் எடுத்து, மீண்டும் கொஞ்சம் சுழற்றி, கேலக்ஸி மூலையிலிருந்து மூலைக்குச் சாய்ந்து படுக்கும்வரை விடவில்லை. சுழற்றினால் ஃப்ளாட் படங்களை (தூசித் தடத்தையும் மூலை இருட்டையும் கழிக்கச் சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) புதிதாக எடுக்க வேண்டும், அதை மறந்து முதல் இரவின் படங்கள் வீண். அடுத்த இரண்டு இரவுகளில் மூன்று நிமிடப் படங்களாக ஏழு மணி நேரம் சேர்ந்தது.

ஸ்டாக் செய்து முடித்த அன்று ஒரு வேலை செய்தேன். பழைய வட்டிலிருந்து அந்தச் சாம்பல் படத்தைத் தேடி எடுத்து, புதிய படத்தின் மேல் அது எங்கே விழுகிறது என்று நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தி ஒரு பெட்டி வரைந்தேன். 828 பிக்சலுக்கு 553 பிக்சல். மொத்தப் படத்தில் 57-ல் ஒரு பங்கு. பெட்டிக்குள் கேலக்ஸியின் மஞ்சள் நடு, அதன் ஓரத்தில் கருவை ஒட்டி வளைந்து போகும் ஒரு தூசிப் பட்டை. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மூலை, அதே சாய்வு. நான் மென்துணியால் ஒற்றியெடுக்கப் பார்த்தது அதைத்தான்.